மேடைக் கங்காணிகளும் பாட்டுக் கூலியும்

"உங்களுக்கு மேடை கிடைத்ததே பெரிது. அதற்குக் கூலி வேறு கேட்கிறீர்களா?"

இந்தக் கேள்வி எங்கே எழுந்தாலும் சரி, அதற்குப் பின்னால் ஒரு பணப்பை ஒளிந்திருக்கிறது என்று நாம் சொல்லுகிறோம். பந்தல் போட்டவரைப் பார்த்து, "உன் மூங்கில் கம்பு நாலு பேர் கண்ணில் பட்டதே போதும், போ" என்று யாராவது சொன்னதுண்டா? சமையல்காரரிடம், "ஊரே உன் சாம்பாரைப் புகழ்ந்துவிட்டது, பணம் எதற்கு?" என்று கேட்டதுண்டா? ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியவரிடம் கேட்டதுண்டா? இல்லை. ஆனால் மில்லில் பகல் ஷிப்டு முடித்துவிட்டு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற பையனிடமும், நாற்றுக்கட்டு சுமந்த தோளிலே பறையை மாட்டிக்கொண்டு வருகிற பையனிடமும் மட்டும் கேட்கிறார்கள். கலையாம்! சேவையாம்! கலைக்குக் கணக்குப் பார்க்கக் கூடாதாம்!

கணக்குப் பார்க்கக் கூடாது என்று உபதேசிக்கிற கனவான் தன் கணக்கை ஒரு பைசா பிசகாமல் வைத்திருக்கிறார் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கூலிச் சீட்டைப் படிக்கத் தெரியாத தொழிலாளிதான் மில் முதலாளிக்குப் பிடித்தமான தொழிலாளி. அதே போல, பில் எழுதத் தெரியாத பாட்டுக்காரன்தான் மேடைக் கங்காணிக்குப் பிடித்தமான பாட்டுக்காரன்.

நம் பஞ்சாலைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் இளைஞர்கள் ஐந்து பேர், எட்டு பேராகச் சேர்ந்து இசைக்குழு ஆரம்பிக்கிறார்கள். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் முதல் மேடைக்கு முன்பே இரண்டு விதமான ஆசாமிகள் அவர்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஒருவர், "கணக்கெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வாசியுங்கள்" என்கிற ஏஜெண்டு. இன்னொருவர், "நீங்கள் எல்லாரும் தொழில்முனைவோர்! உடனே கம்பெனி ஆரம்பியுங்கள்!" என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர். முதல் ஆள் பையைத் தடவுகிறார். இரண்டாவது ஆள் தலையைத் தடவுகிறார். இரண்டு பேரையும் வாசகர்களுக்கு அடையாளம் காட்டுவது நம் கடமை.

முதலில் ஏஜெண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டுப் பேர் கொண்ட குழு ஒரு கல்லூரி விழாவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்கிற கம்பெனி, கல்லூரியிடம் ரூ. 1,50,000 பேசுகிறது. அதன் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. ரூ. 27,000. கல்லூரி கொடுப்பது ரூ. 1,77,000. குழுவுக்குப் பேசிய கூலியோ ரூ. 60,000. அதிலும் 10 சதவிகிதம், ரூ. 6,000, "வருமான வரிப் பிடித்தம்" என்று போய்விடுகிறது. கைக்கு வருவது ரூ. 54,000. ஒலிபெருக்கி வாடகை 15,000, வேன் 6,000, எட்டுப் பேர் சாப்பாடு 2,400, தந்தி, தோல், பேட்டரி 600. ஆக 24,000 செலவு. மீதம் ரூ. 30,000. தலைக்கு ரூ. 3,750. ஒத்திகைக்குப் போன இரண்டு நாள் கூலியையும் மறுநாள் தூக்கக் கலக்கத்தில் போட்ட லீவையும் இதிலே கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தந்தியையும் தொடாத, ஒரு தாளமும் தட்டாத ஏஜெண்டுக்கு எவ்வளவு? ரூ. 90,000! இதை நாம் கற்பனையாகப் போட்ட கணக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவரவர் தம் கடைசி நிகழ்ச்சியின் தொகைகளை இந்த இடங்களில் நிரப்பிப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏன் கல்லூரி நேராகக் குழுவிடம் வருவதில்லை? கேட்டால் ஒரே பதில்: "உங்களிடம் ஜி.எஸ்.டி. நம்பர் இல்லையே!" இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நம் பையன்கள் தலை குனிந்துகொள்கிறார்கள். ஏதோ சட்டவிரோதமான காரியம் செய்துவிட்டது போலப் பயப்படுகிறார்கள். இது அப்பட்டமான பூச்சாண்டி!

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. தமிழ்நாட்டில் சேவைத் தொழில் செய்கிறவரின் ஆண்டு மொத்த வரவு ரூ. 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு செய்ய வேண்டும். நாம் சொன்ன அறுபதாயிரம் ரூபாய்க் குழு அந்த எல்லையைத் தொட வேண்டுமானால் ஆண்டுக்கு 34 நிகழ்ச்சி நடத்த வேண்டும்! அதுவரை நம்பர் தேவையில்லை. பாலக்காட்டுக்கோ பெங்களூருக்கோ போய் வாசித்தாலும் இதே 20 லட்சம்தான். எல்லை தாண்டினால் வரி என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். நம்பர் இல்லாதவரிடம் வேலை வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று: நம்பர் இல்லாத குழு பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய்கூடச் சேர்த்து வாங்கக் கூடாது. அதுதான் குற்றம்.

இன்னொரு ரகசியத்தையும் உடைத்துவிடுவோம். ஒரு வியாபாரி தான் கொடுத்த ஜி.எஸ்.டி.யைத் தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். கல்லூரிக்கு அந்த வசதி கிடையாது; ஏனென்றால் படிப்புக்கு வாங்குகிற கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கல்யாண வீட்டுக்காரருக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே மேலே சொன்ன ரூ. 27,000 அவர்களுக்கு முழு நஷ்டம். குழுவை நேராக அழைத்து ரூ. 1,00,000 கொடுத்தால் கல்லூரிக்கு ரூ. 77,000 மிச்சம், குழுவுக்கு ரூ. 40,000 கூடுதல். இந்தச் சாதாரணக் கணக்கைக் கல்லூரியின் விழாக் கமிட்டியிடம் காகிதத்தில் போட்டுக் காட்ட நம் பையன்களால் முடியாதா?

ஏஜெண்டு ஒன்றுமே செய்வதில்லை என்று நாம் சொல்லவில்லை. சில பேர் உண்மையில் அலைகிறார்கள், மேடை பார்க்கிறார்கள், விளக்கு, போலீஸ் அனுமதி எல்லாம் கவனிக்கிறார்கள். அந்த உழைப்புக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதில் நமக்குத் தகராறு இல்லை. எவ்வளவு பேசினார், எவ்வளவு எடுத்தார் என்பதை மறைக்கிறவரைத்தான் கங்காணி என்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் ஆள் பிடித்த கங்காணி தலைக்காசு வாங்கினான். இவர் தாளத்துக்குக் காசு வாங்குகிறார்.

பறை, கரகம், நாதஸ்வரம், தவில் வாசிக்கிற தோழர்கள் விஷயம் இன்னும் தெளிவு. நாட்டுப்புற இசையோ சாஸ்திரிய இசையோ, நடனமோ நாடகமோ நிகழ்த்துகிற கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்குவது ரூ. 1,50,000-க்கு மேற்படாவிட்டால் அதற்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது. 2017 ஜூனில் போட்ட உத்தரவிலேயே இது இருக்கிறது. சினிமாப் பாட்டு வாசிக்கும் குழுக்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அவர்களுக்கு 20 லட்ச எல்லைதான் துணை.

பறை பற்றிப் பேசும்போது ஒரு வார்த்தை. பாட்டனுக்குக் கூலி பேசுகிற உரிமை இருந்ததா? சாவு விழுந்தால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். போயே தீர வேண்டும். அடித்தே தீர வேண்டும். எறிந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் ஊரில் இருக்க முடியாது. அது கலை என்று அன்றைக்கு எந்த மிராசுதாருக்கும் தோன்றவில்லை. சாதிக் கடமை என்றுதான் தோன்றியது. பறையைச் சாவு வீட்டிலிருந்து மேடைக்குக் கொண்டு வந்தது அந்த மக்களின் போராட்டம். 2025-ல் மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்பொழுது பேரன், "எங்கள் ரேட் இவ்வளவு, பாதி முன்பணம்" என்கிறான். உடனே சில பேருக்குக் கலையின் புனிதம் ஞாபகம் வந்துவிடுகிறது! இலவசமாக அடித்தபோது தீட்டு, கூலி கேட்டபோது புனிதமா? நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் நல வாரியம் ஏற்பட்டிருக்கிறது. அதிலே பதிவு செய்து அட்டை வாங்காத தோழர்கள் உடனே வாங்க வேண்டும்.

அடுத்தது அந்தப் பத்து சதவிகிதப் பிடித்தம்.

டி.டி.எஸ். என்கிறார்கள். கம்பெனியோ கல்லூரியோ பணம் கொடுக்கும்போதே ஒரு பகுதியைப் பிடித்துச் சர்க்காருக்குக் கட்டுகிறது. சிலர் இதைத் தொழில்முறைச் சேவை என்று வகைப்படுத்தி 10 சதவிகிதம் பிடிக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல், ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு ரூ. 50,000-க்கு மேல் போனால்தான் அந்தப் பிடித்தம். வேறு சிலர் ஒப்பந்த வேலை என்று தனி ஆளுக்கு 1 சதவிகிதம் பிடிக்கிறார்கள். எந்தக் கணக்கில் பிடித்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவிகிதம்! நாம் போட்ட கணக்கில் 6,000 போன இடத்தில் 12,000 போகும், தலைக்கு ரூ. 3,750 என்பது 3,000 ஆகிவிடும். கல்யாண வீட்டுக்காரர் தன் வீட்டு விசேஷத்துக்குக் கொடுக்கும் பணத்தில் இந்தப் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை. யாராவது கல்யாண ஏஜெண்டு, "மாப்பிள்ளை வீட்டார் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள்" என்று சொன்னால் அவர் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிடித்தத்தின் அநியாயம் எங்கே இருக்கிறது? செலவு போக மிஞ்சியதில் அல்ல, மொத்தத் தொகையில் பிடிக்கிறார்கள். 60,000-க்கு 6,000 பத்தில் ஒன்று. வேன், ஒலிபெருக்கிச் செலவு போன பிறகு நிற்கிற 36,000-க்கு அது ஆறில் ஒன்று. தனி ஆளுக்கு ஆண்டு வருமானம் ரூ. 12 லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் பெரிய விளம்பரம் செய்தார்கள். அப்படியானால் ஆண்டுக்கு இரண்டு லட்சம்கூடத் தொடாத டிரம்ஸ்காரன் மேல் கத்தி எதற்கு? வங்கியில் பணம் போட்டு வட்டி வாங்குகிறவர், தமக்கு வரி வராது என்றால் ஒரு படிவம் எழுதிக் கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்த்துவிடலாம். பாட்டுக் கூலிக்கு அந்தப் படிவம் செல்லாது! வரி அதிகாரியிடம் தனியாக மனுப் போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். உட்கார்ந்து வாங்குகிற வட்டிக்கு ஒரு நியாயம், நின்று வாசிக்கிற கூலிக்கு வேறொரு நியாயம்.

ஆனாலும் அந்தப் பணம் தொலைந்துபோன பணம் அல்ல. ஆண்டு முடிந்ததும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், வரி இல்லாதவருக்கு முழுவதும் திரும்பி வரும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று வைத்தார்கள்; பிரிவு எண்கள் மாறின, பிடித்தம் மாறவில்லை. கணக்குத் தாக்கல் செய்வது என்றால் வரி கட்டுவது என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் தம் பணத்தைத் தாமே சர்க்காருக்குத் தானம் செய்கிறார்கள்.

இதிலும் மில் தொழிலாளிக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மோசடி உண்டு. சம்பளத்தில் பிராவிடண்ட் பண்டு பிடித்துவிட்டு, அதைக் கட்டாமல் ஏப்பம் விட்ட முதலாளிகளை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே போல, பிடித்துவிட்டுக் கட்டாத ஏஜெண்டுகளும் இருக்க முடியும். வருமான வரித் துறையின் தளத்தில் நம் பான் எண்ணைக் கொண்டு நுழைந்தால் யார் யார், எவ்வளவு நம் பேரில் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். ஆயிரக்கணக்கில் செலவு செய்து கைப்பேசி வைத்திருக்கிற பையன்கள் இதை மட்டும் பார்ப்பதில்லை.

இனி இரண்டாவது ஆசாமி. "தொழில்முனைவோர்" என்று தலையைத் தடவுகிறவர்.

"கம்பெனி ஆரம்பியுங்கள், கூட்டு நிறுவனம் பதிவு செய்யுங்கள், வானமே எல்லை" என்கிறார். சரி, பதிவு செய்வோம். என்ன நடக்கிறது? ஆறு பேர் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு ஆண்டுச் செலவெல்லாம் போக ரூ. 2,40,000 லாபம் என்று வைப்போம். தலைக்கு 40,000. தனித் தனியாகப் பார்த்தால் ஒருவருக்கும் ஒரு காசு வரி இல்லை. ஆனால் கூட்டு நிறுவனம் என்று பலகை மாட்டிய மறு நிமிஷம், முதல் ரூபாயிலிருந்தே 30 சதவிகித வரி! நாலு லட்சம் விலக்கு, பன்னிரண்டு லட்சம் சலுகை எதுவும் இல்லை. 72,000 வரி, அதன் மேல் 4 சதவிகித செஸ் 2,880. ஆகமொத்தம் ரூ. 74,880!

பெரிய கம்பெனிகளுக்கு எவ்வளவு தெரியுமா? 2019 செப்டம்பர் 20-ந் தேதி, பார்லிமெண்டு கூடும் வரைகூடப் பொறுக்காமல், அவசரச் சட்டம் போட்டு மத்திய சர்க்கார் கம்பெனி வரியை 22 சதவிகிதமாகக் குறைத்தது. வேறு சலுகைகளை விட்டுக்கொடுத்தால் அந்த விகிதம் என்பது நிபந்தனை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.17 சதவிகிதம். புதிதாக ஆலை தொடங்கிய கம்பெனிகளுக்கு 15 சதவிகிதம் என்றுகூட ஒரு காலம் வரை கொடுத்தார்கள். ஆயிரம் கோடி லாபம் பார்க்கிற கம்பெனிக்கு 25.17. பறையும் கீபோர்டும் வைத்திருக்கிற ஆறு பையன்களின் கூட்டுக்கு 31.2. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, தொழில்முனைவு பற்றிப் பேசுகிற கனவானிடம் போய்க் காட்டுங்கள். இந்த நாட்டின் வரிக் கொள்கை யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இதனால் கூட்டே வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. வழி இருக்கிறது, அதை நமக்குச் சொல்லுகிறவர்தான் இல்லை. கூட்டு ஒப்பந்தப் பத்திரத்திலே, "இந்தக் கூட்டாளிகள் எல்லோரும் உழைக்கும் கூட்டாளிகள், இவர்களுக்கு இந்த விகிதத்தில் சம்பளம்" என்று ஒரு வாசகம் எழுதியிருந்தால் அந்தச் சம்பளத்தை லாபத்திலிருந்து கழிக்கலாம். லாபத்தின் முதல் ஆறு லட்சத்தில், மூன்று லட்சம் அல்லது 90 சதவிகிதம், இதில் எது அதிகமோ அதுவரை கழியும். நம் உதாரணத்தில் 2,40,000 முழுவதும் கழிந்துவிடும். வரி பூஜ்யம்! ஒரே ஒரு வாசகத்தின் விலை ரூ. 74,880. பத்திரம் எழுதுகிறவர் எங்கிருந்தோ பிரதி எடுத்த பழைய தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால், இந்த வாசகம் எங்கே என்று விரலை வைத்துக் கேளுங்கள். அப்படிக் கொடுக்கும் சம்பளம் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ. 20,000-ஐத் தாண்டினால் அதிலும் 10 சதவிகிதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்று 2025 ஏப்ரல் முதல் இன்னொரு விதி வேறு. அதுவும் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும்.

1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தில் மூன்று விஷயங்களை மட்டும் நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால் லாபம் சரிசமம். குழுவின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. தலைவர் இரண்டு லட்சத்துக்கு ஒலிபெருக்கியைக் கடனில் எடுத்துவிட்டுத் தலைமறைவானால், கடன்காரன் தபேலாக்காரர் வீட்டுக்கு வந்து முழு இரண்டு லட்சத்தையும் கேட்கலாம். மூன்றாவது, பதிவு செய்யாத கூட்டு, பணம் தராத ஆளின் மேல் கூட்டின் பெயரில் வழக்குப் போட முடியாது. ஆகவே அவசரப்பட வேண்டாம். ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் தத்தம் கூலிக்குத் தனித்தனி ரசீது எழுதி, தத்தம் கணக்கில் பணம் வாங்கிக்கொள்வதே மேல். எல்லாப் பணத்தையும் தலைவர் தன் கணக்கில் வாங்கினால், சர்க்கார் கண்ணுக்கு அது முழுவதும் தலைவரின் வருமானம். மற்றவர்களுக்குக் கொடுத்ததற்குக் காகிதம் இல்லாவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்.

தலைவர் என்றதும் ஒரு கசப்பான விஷயத்தைப் பேச வேண்டியிருக்கிறது. ஏஜெண்டைத் திட்டி எழுதினால் எல்லோரும் கைதட்டுவார்கள். நம் குழுவுக்குள்ளேயே முளைக்கிற குட்டி முதலாளியைப் பற்றி எழுதினால்?

எழுதத்தான் வேண்டும். கீபோர்டு என்னுடையது, கைப்பேசி நம்பர் என்னுடையது, பேசியது நான் என்று சொல்லி, வாங்கிய தொகையைச் சொல்லாமல், "இந்தா முந்நூறு, இந்தா ஐந்நூறு" என்று பிரித்துக் கொடுக்கிற தலைவருக்கும் ஏஜெண்டுக்கும் என்ன வித்தியாசம்? முன்பு சொன்ன ரூ. 6,000 பிடித்தம் தலைவரின் பான் எண்ணில்தான் நிற்கிறது. ஏழெட்டு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது அவர் கணக்குக்குத்தான் வருகிறது. அது எட்டுப் பேருடைய பணம், தலைக்கு ரூ. 750. எத்தனை தலைவர்கள் இதைப் பிரித்துக் கொடுத்தார்கள்? அறியாமல் விட்டவர்கள் இனியாவது கொடுக்கட்டும். அறிந்தே விட்டவர்களைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய டிரம்ஸ்காரர்களே சொல்லுவார்கள்.

பாடுகிற பெண்ணுக்கு அரைப் பங்கு கொடுக்கிற வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று மிராசுதார் கொடுத்தபோது எதிர்த்துக் கோஷம் போட்ட குடும்பத்துப் பிள்ளைகள், மேடையில் அதையே செய்வதா? சம வேலைக்குச் சம கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. நள்ளிரவில் நிகழ்ச்சி முடிந்தால் அந்தத் தோழியை வீட்டு வாசலில் கொண்டுவிடும் வண்டிச் செலவு குழுவின் செலவு, அவர் பங்கில் கழிக்கிற செலவு அல்ல.

எப்படிப் பிரிப்பது? நம் யோசனை இது: முதலில் செலவு. பிறகு வாத்தியத் தேய்மானத்துக்கு ஒரு பகுதி. அதை வாத்தியத்துக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம், பொதுவில் சேர்த்தும் வைக்கலாம். மிச்சம் சரிபங்கு. அலைந்து பேசிய தலைவருக்கு அரைப் பங்கு கூடுதல் என்றால் எல்லோரும் கூடிப் பேசி நோட்டில் எழுதிவிட்டுக் கொடுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, இடம், பேசிய தொகை, முன்பணம், பிடித்தம், செலவு, பங்கு, எட்டுக் கையெழுத்து.

இசைக்காரர்கள் சங்கமாக முடியாது, ஒவ்வொருவரும் ஒரு தனி ராஜா என்று பேசுகிறவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லுகிறோம்: எம்.பி. சீனிவாசன். 1960-ல் வந்த "பாதை தெரியுது பார்" படத்துக்கு இசை அமைத்தவர். 1988-ல் மறையும் வரை இயக்கத்தை விடாதவர். சென்னைப் படத்தொழிலில் வயலின் வாசித்தவர், புல்லாங்குழல் ஊதியவர், தபேலா தட்டியவர் எல்லோரையும் ஒரு சங்கத்தில் திரட்டுவதில் முன்னின்றார். தன் மெட்டைப் போலவே பக்கவாத்தியக்காரர் கூலியையும் கவனித்த இசையமைப்பாளர் அவர்.

பாட்டின் உரிமை பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தைச் சேர்ந்த விசேஷங்களிலும் சினிமாப் பாட்டு வாசிக்க யாரிடமும் அனுமதி வேண்டாம்; 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே அப்படி விலக்குக் கொடுத்திருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு வந்து, "லைசென்ஸ் பணம் எடு" என்று மிரட்டுகிறவரிடம் அதைச் சொல்லுங்கள். கம்பெனி விழா, டிக்கெட் நிகழ்ச்சி என்றால் வேறு, ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கங்களிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், அது ஏற்பாட்டாளர் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் போகிற பங்கை நாம் குறை சொல்லமாட்டோம்; அவர்களும் உழைப்பாளிகள். நெடுங்காலம் அந்தப் பங்கைப் படமுதலாளிகள்தான் தின்றார்கள். 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு படமுதலாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று தனிக் குறிப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தின் கம்யூனிஸ்டு மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர்தான் அவர். நிகழ்த்துகிறவருக்கு உரிமை 1994-ல்தான் வந்தது. எழுத்தாளர், இசையமைப்பாளர் ராயல்டியைப் பிடுங்க முடியாதபடி 2012-ல் திருத்தம் வந்தது.

சொந்தப் பாட்டுப் போடுகிற குழுக்கள் கவனம்! "எங்கள் சானலில் போடுகிறோம், இங்கே ஒரு கையெழுத்து" என்று வருவார்கள். எத்தனை ஆண்டுக்கு என்று பத்திரத்தில் இல்லாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். அதனால்தான் அவர்கள் "என்றென்றும், உலகம் முழுவதும்" என்று பொடி எழுத்தில் அச்சடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. விசேஷ நாட்களில் நள்ளிரவு வரை அனுமதிக்கலாம், அதுவும் ஆண்டில் 15 நாளுக்கு மேல் இல்லை. "இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்று ஏற்பாட்டாளர் கெஞ்சுவார். போலீஸ் வந்தால் தூக்குவது உங்கள் செட்டைத்தான். முடியும் நேரத்தை ஒப்பந்தத்திலே எழுதுங்கள். வேனில் விடிகாலை மூன்று மணிக்குத் திரும்புகிறவர்கள், மழையில் நனைந்த ஒயரைத் தொடுகிறவர்கள், எல்லோரும் வங்கி மூலம் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் விபத்து இன்ஷூரன்ஸில் சேர்ந்துவிடுங்கள். உயிர் போனால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். ஓர் உயிருக்கு இரண்டு லட்சம் என்று விலை போட்ட சர்க்காரைப் பற்றி வேறொரு சமயம் பேசிக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் என்றதும் வக்கீலிடம் ஓட வேண்டாம். ஒரு தாள் போதும்: யார், எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மீதி எப்பொழுது, ரத்தானால் முன்பணம் யாருக்கு, சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு. வாய்ப்பேச்சும் சட்டப்படி ஒப்பந்தம்தான். ஆனால் கோர்ட்டில் வாய்ப்பேச்சை நிரூபிக்க முடியாமல் நிற்கிறவன் எப்பொழுதும் ஏழைதான். தாள் இல்லையென்றால் கைப்பேசியில் ஒரு செய்தியாவது அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி வையுங்கள். பணம் நின்றுபோனால் வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. மீதிப் பணத்தைக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் வாங்குங்கள், பின்னால் அல்ல. இது சட்டம் இல்லை, அனுபவம்.

மாசி, பங்குனி, சித்திரைத் திருவிழாக்களுக்கு முன்பணம் தை பிறந்ததுமே கைமாறத் தொடங்கிவிடும். ஒரே வட்டாரத்தில் இருக்கிற நாலைந்து குழுக்கள் அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுங்கள். இந்தத் தொகைக்குக் கீழே யாரும் போகக் கூடாது என்று ஒரு தொகை முடிவு செய்யுங்கள். ஒரு குழுவை 60,000-க்கு மறுத்துவிட்டு இன்னொரு குழுவை 40,000-க்குப் பிடித்து வருகிற ஏஜெண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். யார் யார் வந்தார்கள் என்று கேட்பார். எல்லாரும் வந்தோம் என்று சொல்லுங்கள்.